ட்வாடில் 52 காட்டுகிறது, டைட்ரேஷனில் காஸ்டிக் குறைகிறது: எதை நம்புவது?

நூல்_லேப்
எல்லோருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் நூல் மெர்சரைசிங் செய்யும் (பருத்தி நூலைக் கெட்டியான காஸ்டிக் சோடாவில் நனைத்து மினுமினுப்பு ஏற்றும்) ஒரு யூனிட்டில், லேபில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. படித்தது பி.எஸ்சி. வேதியியல். கல்லூரியில் ப்யூரெட் பிடித்ததோடு சரி, தொழிலுக்குப் புதுசு.

பிரச்சினை இதுதான். காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்) 52 டிகிரி ட்வாடிலில் (அடர்த்தியைக் காட்டும் ஓர் அளவு) இருக்க வேண்டும் என்பது எங்கள் கணக்கு. மாஸ்டர் தினமும் காலையில் ஸ்டாக் டாங்கியில் ஒரு ஜாடி எடுத்து ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்ப்பார். 52 இருந்தால் ஓட்டலாம் என்பார். போன வாரம் ஒரு லாட் நூலில் மினுமினுப்பு பத்தவில்லை என்று பார்ட்டி திருப்பி அனுப்பிவிட்டார். பேரியம் எண் (நூல் எவ்வளவு மெர்சரைஸ் ஆகியிருக்கிறது என்று காட்டும் எண், 150 தாண்ட வேண்டும்) போட்டுப் பார்த்தேன், 128தான் வந்தது. சந்தேகப்பட்டு லையை டைட்ரேட் செய்தேன், அதாவது எவ்வளவு அமிலம் விட்டால் காரம் தீர்கிறது என்று அளந்தேன்.

10 மி.லி. லையை 250 மி.லி. குடுவையில் நீர்த்து, அதில் 25 மி.லி. எடுத்து, அரை நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு ஃபினாப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) போட்டுப் பார்த்தேன். 13.6 மி.லி.யில் இளஞ்சிவப்பு போய்விட்டது. மூன்று முறை பார்த்தும் அதேதான். கணக்குப்படி லிட்டருக்கு 272 கிராம். ஆனால் 52 ட்வாடிலுக்கு அட்டவணை 299 கிராம் என்கிறது. 27 கிராம் எங்கே போனது?

மாஸ்டரிடம் கேட்டால் “உன் கண்ணாடிக் குழாயைக் கழுவு” என்கிறார்.

மாஸ்டர்_பழனி
தம்பி, நானும் மாஸ்டர்தான். 26 வருஷம் சாயத்திலும் மெர்சரைசிங்கிலும் ஓட்டியாச்சு. உங்கள் மாஸ்டர் சொன்னது கோபத்தில் இருந்தாலும் விஷயம் உண்டு. காஸ்டிக் லை எண்ணெய் மாதிரி கொழகொழ என்று இருக்கும். பிப்பெட்டில் எடுத்தால் உள் சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். அவசரப்பட்டு எடுத்துவிட்டால் 10 என்று நினைத்து 9.7தான் விட்டிருப்பீர்கள். அங்கேயே 3 சதவீதம் போச்சு.

ஹைட்ரோமீட்டரில் அந்த வம்பே கிடையாது. மிதக்கவிடு, படி, எழுது. 27 கிராமுக்காகப் பயப்பட வேண்டாம்.

ப்யூரெட்_பிரியன்
மாஸ்டர் சொன்ன பிப்பெட் விஷயம் உண்மை. நான் மருந்து கம்பெனி லேபில் இருக்கிறேன். கெட்டியான திரவம் எதையும் கன அளவில் எடுக்க மாட்டோம், எடை போட்டுத்தான் எடுப்போம். மூடி போட்ட சின்ன பாட்டிலில் லையை விட்டு, எடை பார்த்து, அப்படியே குடுவையில் கழுவி ஊற்றுங்கள். 10 மி.லி. என்றால் சுமார் 12.6 கிராம் இருக்க வேண்டும்.

ஆனால் மூன்று முறையும் ஒரே அளவு வந்தது என்கிறீர்களே, மூன்றுக்கும் லையைத் தனித்தனியாக எடுத்தீர்களா, இல்லை ஒரே 250 மி.லி. குடுவையிலிருந்தா? ஒரே குடுவை என்றால் அந்தப் பொருத்தத்துக்கு அர்த்தமே இல்லை. முதலில் செய்த தப்பையே மூன்று முறை அளந்திருப்பீர்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, அரை நார்மல் அமிலம் எங்கிருந்து வந்தது? பாட்டில் லேபிளில் உள்ள சதவீதத்தை வைத்துக் கணக்குப் போட்டு நீர்த்ததா, தரம் பார்த்து வைத்ததா? திறந்து மூடித் திறந்து மூடி வைத்த அமில பாட்டிலில் ஆவி போய்க்கொண்டே இருக்கும், லேபிளை நம்ப முடியாது. இரண்டு, மாஸ்டர் ஹைட்ரோமீட்டர் பார்க்கும்போது லை எத்தனை டிகிரி சூட்டில் இருக்கும்?

நூல்_லேப்
ஐயோ, ஒரே குடுவைதான் சார். இன்று தனித்தனியாக மூன்று எடுத்தேன், எடை போட்டே. 13.5, 13.6, 13.6. அதனால் பிப்பெட் தப்பு இல்லை என்றே நினைக்கிறேன்.

அமிலத்தையும் பார்த்தேன். சோடியம் கார்பனேட்டை லேப் அடுப்பில் (oven) 260 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, 0.5300 கிராம் எடுத்தேன். 20.00 மி.லி. செலவாக வேண்டும், 20.1 ஆனது. அதாவது 0.4975 நார்மல். அரை சதவீதம்தான் வித்தியாசம், 27 கிராமுக்கு அது காரணமில்லை.

லையின் சூடு 33 டிகிரி. ஹைட்ரோமீட்டர் தண்டில் 60 ஃபாரன்ஹீட் என்று போட்டிருக்கிறது. இத்தனை நாள் அதை யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை!

ப்யூரெட்_பிரியன்
60 ஃபாரன்ஹீட் என்றால் 15.6 செல்சியஸ். ஈரோட்டில் அந்தக் குளிர் எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை 🙂

சூடானால் லை விரியும், அடர்த்தி குறையும். 20 சதவீத காஸ்டிக் கரைசலின் அடர்த்தி 20 டிகிரியில் 1.219, 40 டிகிரியில் 1.208. அதாவது 20 டிகிரி சூடு ஏறினால் ட்வாடிலில் சுமார் 2.2 குறைத்துக் காட்டும். உங்கள் 33 டிகிரி சூட்டில் 52 என்றால், திருத்தினால் 54-க்குப் பக்கத்தில் போகும்.

கவனித்தீர்களா? இது உங்கள் புதிரை இன்னும் மோசமாக்குகிறது. ஹைட்ரோமீட்டர் கணக்கு 299-க்கும் மேலே போய்விட்டது, டைட்ரேஷன் 272-லேயே நிற்கிறது.

கோவை_மகேஷ்
நடுவில் ஒரு சின்ன சந்தேகம். எங்கள் யூனிட்டில் ட்வாடில் இல்லை, போமே மீட்டர். 50 டிகிரி போமே என்றால் 50 சதவீத காஸ்டிக், அவ்வளவுதானே? நாங்கள் அப்படித்தான் போடுகிறோம். 30 டிகிரி என்றால் 30 சதவீதம்.

ஓய்வு_வாத்தியார்
மகேஷ், நல்லவேளை கேட்டீர்கள். இந்தக் குழப்பத்தில் பலர் மாட்டியிருக்கிறார்கள்.

50 டிகிரி போமேயில் காஸ்டிக் கிட்டத்தட்ட 50 சதவீதம் என்பது தற்செயல். அந்த ஒரு இடத்தில் இரண்டு எண்ணும் ஒட்டிக்கொள்கின்றன. கீழே இறங்கினால் பிரிந்துவிடும். 20 சதவீத காஸ்டிக் 26 டிகிரி போமே காட்டும். 10 சதவீதம் 14 டிகிரிக்குச் சற்று மேலே. நீங்கள் 30 டிகிரியை 30 சதவீதம் என்று எழுதினால், உள்ளே இருப்பது எடைக்கு எடை 24 சதவீதம்தான்.

ஏன் இப்படி? அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் 1768-ல் இந்த அளவுகோலைப் போட்டபோது அவர் கையில் இருந்தது காஸ்டிக் இல்லை, சமையல் உப்பு. சுத்தத் தண்ணீரில் மீட்டர் நிற்கும் இடம் 0, நூற்றுக்கு 15 பங்கு உப்புள்ள கரைசலில் நிற்கும் இடம் 15. அதை வைத்து மற்றவற்றைக் கோடு போட்டார். ஆக அது உப்புக்காரனின் அளவுகோல். காஸ்டிக்குக்கு அது இரவல் சட்டை.

ட்வாடில் அதைவிட நேர்மையானது. ஒப்படர்த்தியிலிருந்து ஒன்றைக் கழித்து 200-ஆல் பெருக்கு, அவ்வளவுதான். 1.26 என்றால் 52. எந்தக் கரைசலுக்கும் அது சதவீதம் என்று வாக்குக் கொடுப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எடைக்கு எடை 24 சதவீதம் உள்ள லையில் லிட்டருக்கு 303 கிராம் காஸ்டிக் இருக்கும், ஏனென்றால் ஒரு லிட்டர் லையின் எடை ஒரு கிலோ இல்லை, 1.263 கிலோ. ஒருவர் 24 சதவீதம் என்பார், இன்னொருவர் 100 மி.லி.க்கு எத்தனை கிராம் என்று பார்த்து அதே தொட்டியை 30 சதவீதம் என்பார். இரண்டும் சரி. சண்டை மட்டும் நடக்கும்.

கோவை_மகேஷ்
சார், இரண்டு வருஷமாக ரிஜிஸ்டரில் 30 சதவீதம் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆடிட்டுக்கு வந்தவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இன்றைக்கு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

உப்பளத்தான்
தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். காஸ்டிக் எனக்குத் தெரியாது. ஆனால் போமே என்று பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன், எங்களுக்கு அதுதான் கண்.

கடல் தண்ணீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். வெயிலில் வற்ற வற்ற ஏறும். பதின்மூன்று, பதினாலுக்கு மேல் ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். 25-ல் உப்புப் பூக்கும். அந்தத் தண்ணீரைப் பாத்திக்கு விட்டு உப்பு எடுப்போம். 29 தாண்டினால் மிச்சத் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும்.

ஏன் விட வேண்டும் என்பதுதான் உங்கள் கதைக்குச் சம்பந்தம். 29-க்கு மேலும் மீட்டர் ஏறிக்கொண்டேதான் இருக்கும். புதிதாக வருகிற பையன் “அண்ணே, 31 ஆச்சு, இன்னும் நல்ல உப்பு வரும்” என்பான். வராது. அந்த டிகிரியைத் தூக்கி நிறுத்துவது மக்னீசியம், உப்பு இல்லை. அதில் எடுத்தால் உப்பு கசக்கும், ஈரம் கோத்து நிற்கும். மீட்டருக்குத் தண்ணீர் கனமாக இருப்பது தெரியும். எதனால் கனம் என்று தெரியாது.

உங்கள் தொட்டியில் காஸ்டிக்கைத் தவிர வேறு எதுவும் கரைந்திருக்கிறதா பாருங்கள்.

ஓய்வு_வாத்தியார்
உப்பளத்தான் ஐயா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். நான் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், இனி அது வேண்டாம்.

நூல்_லேப், உங்கள் யூனிட்டில் நூலைக் கழுவிய நீர்த்த லையைத் திரும்ப எடுத்துக் கெட்டியாக்கி ஸ்டாக் டாங்கிக்கே விடுகிறீர்களா? டாங்கிக்கு மூடி இருக்கிறதா?

நூல்_லேப்
ஆமாம் சார், திரும்ப வரும் லைதான் பெரும்பகுதி. குறைகிற அளவுக்கு 48 சதவீத புது லை சேர்ப்போம். டாங்கிக்கு மூடி... பழைய தகரம் ஒன்று பாதி மூடியிருக்கும்.

ஓய்வு_வாத்தியார்
அப்படியானால் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அந்த டாங்கி இரவு பகலாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. காஸ்டிக் சோடா கொஞ்சம் கொஞ்சமாகச் சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவை சோடாவாக, மாறுகிறது. சலவை சோடாவும் லையைக் கனமாக்கும், ஹைட்ரோமீட்டரைத் தூக்கிப் பிடிக்கும். ஆனால் பஞ்சை மெர்சரைஸ் செய்யும் வேலை அதால் ஆகாது. பஞ்சிலிருந்து கரைந்து வந்த அழுக்கு வேறு இருக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கெட்ட செய்தி. நீங்கள் கண்ட 272 கூட உண்மையான காஸ்டிக் இல்லை. ஃபினாப்தலீன் நிறம் போகிற இடத்தில் காஸ்டிக் முழுவதும், கூடவே கார்பனேட்டின் பாதியும் அமிலத்தைச் சாப்பிட்டு முடித்திருக்கும். அது பைகார்பனேட்டாக நிற்கும் இடம்.

அதே குடுவையில் அப்படியே இரண்டு சொட்டு மெத்தில் ஆரஞ்சு (இன்னொரு நிறங்காட்டி) விடுங்கள். மஞ்சளாக இருக்கும். ப்யூரெட்டை நிரப்பாமல் தொடர்ந்து அமிலம் விட்டு, மஞ்சள் போய் ஆரஞ்சு வரும் இடத்தைக் குறியுங்கள். இரண்டு முடிவுக்கும் இடையே எவ்வளவு செலவானதோ அது கார்பனேட்டின் மற்ற பாதி. அதையே முதல் அளவிலிருந்து கழித்தால் மிஞ்சுவது சுத்தக் காஸ்டிக்.

ஒன்று மட்டும் கவனம். முதல் முடிவுக்குப் பக்கத்தில் போகும்போது சொட்டுச் சொட்டாக விட்டு நன்றாகச் சுழற்றுங்கள். அவசரப்பட்டால் அமிலம் விழுந்த இடத்தில் குமிழ் வந்து கார்பன் டை ஆக்சைடு ஓடிவிடும், கணக்கு கெட்டுவிடும்.

மாஸ்டர்_பழனி
வாத்தியார் ஐயா, மரியாதையோடு ஒரு கேள்வி. இத்தனை வருஷம் ட்வாடிலை வைத்தே நல்ல நூல் கொடுத்திருக்கிறோமே, அது எப்படி?

ப்யூரெட்_பிரியன்
மாஸ்டர், அப்போது லை எப்படி வந்தது? புது லையைத் தண்ணீரில் கரைத்து, ஓட்டி, கீழே விட்டீர்களா?

மாஸ்டர்_பழனி
...ஆமாம். திரும்ப எடுக்கிற பிளான்ட் எல்லாம் பிறகுதான் வந்தது.

ப்யூரெட்_பிரியன்
அங்கேதான் விஷயம். புது லையில் ஹைட்ரோமீட்டர் பொய் சொல்லாது. 50 சதவீதக் காஸ்டிக்கில் கார்பனேட் ஏறக்குறைய கரையவே கரையாது, அடியில் வண்டலாகத் தங்கிவிடும். எங்கள் லேபில் கார்பனேட் இல்லாத காஸ்டிக் வேண்டும் என்றால் அப்படித்தான் செய்வோம்: கெட்டியாகக் கரைத்து, சில நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து நீர்ப்போம். 48 சதவீத லையும் அந்த வகையில் சுத்தமாகவே வரும். அதை நீர்த்தால் உள்ளே இருப்பது காஸ்டிக்கும் தண்ணீரும்தான். இரண்டே பேர் இருக்கும் வீட்டில் யார் சத்தம் போட்டது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

உப்பளத்தான்
எங்கள் ஊர் பால்காரருக்கும் இது தெரியும். தண்ணீர் ஊற்றினால் லாக்டோமீட்டர் இறங்கும். ஆடையை எடுத்துவிட்டால் ஏறும். ஆடையையும் எடுத்துத் தண்ணீரையும் ஊற்றினால் மீட்டர் பழைய இடத்திலேயே சமர்த்தாக நிற்கும்.

நூல்_லேப்
செய்துவிட்டேன். ஃபினாப்தலீன் முடிவு 13.6. மெத்தில் ஆரஞ்சு முடிவு 14.2. இடையில் 0.6.

காஸ்டிக் = 13.6 - 0.6 = 13.0 மி.லி. அமிலத்தின் 0.4975-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் லிட்டருக்கு 259 கிராம். கார்பனேட் 1.2 மி.லி., லிட்டருக்கு சுமார் 32 கிராம் சலவை சோடா.

அப்படியானால் 299 என்று நினைத்து ஓட்டிய தொட்டியில் 259தான் இருந்திருக்கிறது. பேரியம் எண் 150 தாண்டாததில் ஆச்சரியம் இல்லை.

மெத்தில் ஆரஞ்சு எங்கே மாறுகிறது என்று பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 0.1 முன்னே பின்னே போகிறது. இடைவெளியே 0.6தான் எனும்போது 0.1 என்பது பெரிசு இல்லையா?

ஓய்வு_வாத்தியார்
சரியான சந்தேகம். சிறிய எண்ணை இரண்டு பெரிய எண்களின் வித்தியாசமாக எடுக்கும்போது இந்த வம்பு உண்டு. பேரியம் குளோரைடு முறையில் ஒத்துப் பாருங்கள். புதிதாக 25 மி.லி. எடுத்து, 10 சதவீத பேரியம் குளோரைடு 5 மி.லி. விடுங்கள். கார்பனேட் முழுவதும் வெள்ளையாக வீழ்ந்துவிடும். வடிகட்ட வேண்டாம். அப்படியே ஃபினாப்தலீன் போட்டு மெதுவாக டைட்ரேட் செய்யுங்கள். அந்தப் பால் நிறத்தில் இளஞ்சிவப்பு மறைவது நன்றாகவே தெரியும். வருவது நேரடியாகக் காஸ்டிக். பேரியம் குளோரைடு விஷம். பிப்பெட்டை வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள்.

திருப்பூர்_சுந்தரி
வாயால் உறிஞ்சுவது பற்றி நானும் சொல்லியாக வேண்டும். நான் முதலில் வேலை பார்த்த பட்டறையில் ரப்பர் பல்பு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், ஒரு நாள் வாயாலேயே லையை எடுத்தேன். பிப்பெட் முனை லையை விட்டு வெளியே வந்தது தெரியவில்லை, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று மேலே ஏறிவிட்டது. நாக்கில் முதலில் வழவழப்பு, சோப்பு மாதிரி. எரிச்சல் பிறகுதான். பதினைந்து நாள் கஞ்சி. பல்பு இல்லாவிட்டால் அன்றைக்கு அளக்காதீர்கள், யார் திட்டினாலும் பரவாயில்லை.

இன்னொரு அனுபவம். நீர்க்காமல் லையிலேயே நேராக ஃபினாப்தலீன் விட்டுப் பார்க்கிற ஆட்கள் உண்டு. ஒரு நொடி சிவந்து, பிறகு நிறமே இல்லாமல் போய்விடும். காரம் ரொம்பவும் அதிகமானாலும் ஃபினாப்தலீன் நிறம் இழக்கும். எங்கள் ஆள் ஒருவர் அதைப் பார்த்து “காரமே இல்லை, தண்ணீர்தான்” என்று கையை விடப் போனார்.

கோவை_மகேஷ்
ரிஃப்ராக்டோமீட்டர் (கரைசலில் ஒளி வளைவதை வைத்துச் செறிவு காட்டும் கருவி) வாங்கினால் இந்தத் தொல்லை போகுமா? ஒரு சொட்டு வைத்தால் போதும் என்று ஒருவர் விற்க வந்தார்.

ப்யூரெட்_பிரியன்
போகாது. அதுவும் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கும். புது லைக்கு அருமையான கருவி. திரும்ப வரும் லைக்கு ஹைட்ரோமீட்டர் சொல்லும் அதே பொய்யை இன்னும் இரண்டு தசம இடம் கூட்டிச் சொல்லும்.

ஓய்வு_வாத்தியார்
தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே. டைட்ரேஷன் என்பது படித்தவர்கள் லேபில் பிறந்து பட்டறைக்கு வந்தது என்று நினைக்கிறோம். நடந்தது நேர்மாறு. பிரான்சில் துணி வெளுக்கும் தொழிலில் குளோரின் கரைசல் ஒரு நாள் கடுமையாகவும் ஒரு நாள் சப்பென்றும் இருந்தது. 1791-ல் டெக்ரோவாசில் என்பவர் அளவுக் கோடு போட்ட குழாயை வைத்து, எவ்வளவு கரைசல் விட்டால் நீலச்சாயத்தின் நிறம் போகிறது என்று பார்த்தார். ப்யூரெட்டின் பாட்டன் அதுதான். பிப்பெட், ப்யூரெட் என்ற பெயர்களை வைத்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக், 1824-ல். அப்போதும் பேச்சு நீலச்சாயத்தைப் பற்றித்தான். மாஸ்டர்கள் ப்யூரெட்டைக் கண்ணாடிக் குழாய் என்று தள்ளிவைக்கத் தேவையில்லை, அது உங்கள் வீட்டுப் பிள்ளை.

மாஸ்டர்_பழனி
இதை முன்பே சொல்லியிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேனே ஐயா 😄

தம்பி, தினமும் டைட்ரேஷன் வேண்டாம், ஷிப்டு ஓடாது. வாரத்துக்கு இரண்டு முறை பாருங்கள். அன்றைக்கு எத்தனை ட்வாடிலுக்கு எவ்வளவு காஸ்டிக் என்று சுவரில் எழுதி வையுங்கள். மற்ற நாளில் மாஸ்டர் குச்சியையே மிதக்கவிடட்டும், ஆனால் சுவரைப் பார்த்துப் படிக்கட்டும்.

நூல்_லேப்
பேரியம் குளோரைடு முறையில் 13.05 வந்தது. 13.0-க்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

நேற்று மாஸ்டரைக் கூட வைத்துக்கொண்டே செய்தேன். பேரியம் குளோரைடு விட்டதும் குடுவை பால் மாதிரி ஆனதைப் பார்த்து, “இது என்ன, இதுவா என் தொட்டியில் இருக்கு?” என்றார். பிறகு பக்கத்தில் புது லையை நீர்த்து அதிலும் விட்டுக் காட்டினேன். லேசாகக் கலங்கியதோடு சரி. கொஞ்ச நேரம் இரண்டு குடுவையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய லையில் ஒரு பகுதியை வெளியே எடுத்து வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டோம், நூல் கொதிக்கவைக்கும் பக்கத்தில் அது ஓடும் என்றார் மாஸ்டர். மிச்சத்தோடு புது லை சேர்த்து ஏற்றினோம். இன்று காலை ட்வாடில் 55, சூடு 32, டைட்ரேஷனில் காஸ்டிக் 288, கார்பனேட் 21. பழனி மாஸ்டர் சொன்னபடி சுவரில் சாக்பீஸில் எழுதியாயிற்று. தொட்டிக்கு மூடி செய்ய வெல்டரை வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய தகரத்தை இப்போதைக்கு நன்றாக இழுத்து மூடியிருக்கிறேன்.

நாளை முதல் லாட் ஏறுகிறது. பேரியம் எண் பார்த்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.

மாஸ்டர்_பழனி
போடுங்கள். 150 தாண்டினால் உங்கள் மாஸ்டருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். அந்தக் குழாயைக் கழுவி வைக்கவும் மறக்க வேண்டாம், காஸ்டிக் ப்யூரெட் குழாயைப் பிடித்துக்கொண்டால் திறக்கவே வராது.

ப்யூரெட்_பிரியன்
மாஸ்டர், அவர் ப்யூரெட்டில் இருப்பது அமிலம்.

மாஸ்டர்_பழனி
அப்படியானாலும் கழுவட்டும்.